ரப்பருக்குள் ஒரு நீண்ட சங்கிலி

பெரிய மூலக்கூறு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், ரப்பரை இன்னும் நன்றாகச் சுத்தப்படுத்துங்கள், அது படிகமாகி, சின்ன மூலக்கூறுதான் என்று காட்டிவிடும். ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கருக்கு இப்படி அறிவுரை சொன்னவர் 1927ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிக் வீலாண்ட். மூலக்கூறு எடை 5000ஐத் தாண்டும் கரிமப் பொருளே கிடையாது என்பது அவர் கருத்து. அன்றைய வேதியியலாளர்கள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள்.

ரப்பரைச் சூடாக்கிச் சிதைத்தால் ஐசோப்ரீன் கிடைக்கும் என்பது முன்பே தெரியும். அதில் 5 கார்பன், 8 ஹைட்ரஜன். இரண்டு ஐசோப்ரீன் சேர்ந்து ஒரு சின்ன வளையம் ஆகிறது. அந்த வளையங்கள் தங்கள் இரட்டைப் பிணைப்புகளில் மிஞ்சியிருக்கும் ஈர்ப்பால் ஒட்டிக் குவிந்ததுதான் ரப்பர் என்று விளக்கினார்கள்.

ஸ்டாடிங்கர் இதை ஏற்கவில்லை. 1920இல், சூரிச்சில் பேராசிரியராக இருந்தபோது, இது குவியல் அல்ல, சாதாரண வேதிப் பிணைப்புகளாலேயே கோத்த நீண்ட சங்கிலி என்று எழுதினார்.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? அவர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்த்துவிட்டால் அது ஒற்றைப் பிணைப்பாகிவிடும். ஒட்ட வைக்கும் ஈர்ப்பு அங்கிருந்துதான் வந்தது என்றால், இனி வளையங்கள் பிரிந்து, எண்ணெயைப் போலக் காய்ச்சி வடிக்கக்கூடிய சின்னப் பொருளாக வந்தாக வேண்டும். 1922இல் அவரும் மாணவர் ஃபிரிட்ஷியும் செய்து பார்த்தார்கள். வடிக்க முடியவில்லை. கரைத்தால் முன்பு போலவே கொழகொழப்பான கரைசல்தான் வந்தது. ஒட்ட வைத்ததாகச் சொன்ன ஈர்ப்பை எடுத்த பிறகும் ரப்பர் உதிரவில்லை! இத்தகைய நீண்ட மூலக்கூறுக்கு ஸ்டாடிங்கர் பெருமூலக்கூறு என்று பெயர் வைத்தார்.

எதிர்ப்பு ஓய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1926இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனவர், கரைசல் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்று அளந்து சங்கிலியின் நீளத்தைக் கணக்கிடும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார். நோபல் பரிசு 1953இல் வந்தபோது அவருக்கு வயது 72.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தவறினார். சங்கிலியை விறைப்பான குச்சியாக நினைத்தார். உண்மையில் அது நெளிந்து சுருண்டு கிடக்கும். ரப்பரை இழுக்கும்போது அந்தச் சுருள்தான் நிமிர்கிறது. விட்டதும், வெப்பத்தால் ஓயாமல் துடிக்கும் சங்கிலி மறுபடி சுருண்டுகொள்கிறது.