கூப்பிட்டால் வரும் காட்டுப் பறவை

நாயைப் பழக்கினோம், மாட்டைப் பழக்கினோம், புறாவைக் கடிதம்கூடச் சுமக்க வைத்தோம். இவையெல்லாம் மனிதன் பிடித்து, அடைத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்து மாற்றிய உயிர்கள். ஆனால் யாரும் பிடிக்காத, யாரும் தீனி போட்டு வளர்க்காத ஒரு காட்டுப் பறவை, மனிதன் குரல் கொடுத்தால் வந்து தேன்கூடு இருக்கும் மரத்துக்கே கூட்டிக்கொண்டு போகிறது. சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் வாழும் பெரிய தேன்வழிகாட்டிப் பறவைதான் அது.

பார்க்க அப்படியொன்றும் பகட்டாக இருக்காது. சுமார் 20 செ.மீ. நீளம், 50 கிராம் எடை, மங்கலான பழுப்பும் சாம்பலும் கலந்த உடல், பறக்கும்போது மட்டும் வாலோரத்தில் வெள்ளை பளிச்சென்று தெரியும். மொசாம்பிக்கின் வடக்கே நியாசா என்ற பெரிய வனக் காப்பகத்தில் வாழும் யாவோ மக்கள் தேனுக்குக் கிளம்பும்போது, நாக்கை உருட்டி 'ப்ர்ர்ர்ர்' என்று இழுத்து, 'ஹ்ம்' என்று ஒரு முக்கலோடு முடித்து, திரும்பத் திரும்ப அதையே எழுப்பிக்கொண்டு நடப்பார்கள். பறவை காதில் விழுந்தால் பக்கத்து மரத்தில் வந்து உட்கார்ந்து, தீப்பெட்டியை வேகமாகக் குலுக்குவது போலப் படபடவென்று கத்தத் தொடங்கும். ஆள் நெருங்கியதும் அடுத்த மரம், அப்புறம் அதற்கடுத்த மரம். கூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மேற்கொண்டு பறக்காமல் அங்கேயே தங்கிவிடும். எந்த மரம், எந்தப் பொந்து என்று அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடிப்பது மனிதன் பாடு.

சரி, பறவைக்கு இதில் என்ன கிடைக்கிறது? மெழுகு. தேனடையின் மெழுகும் அதிலிருக்கும் தேனீப் புழுக்களும்தான் அதற்கு வேண்டும். மெழுகைச் செரிக்கக்கூடிய உயிரினங்கள் மிகச் சில, இது அதில் ஒன்று. ஆனால் ஆப்பிரிக்கத் தேனீக்கள் லேசுப்பட்டவை அல்ல, கூட்டமாகக் கொட்டினால் பறவை செத்தே போகும். கூடும் பெரும்பாலும் மரப்பொந்துக்குள் ஆழத்தில் இருக்கும். பறவைக்கு இடம் தெரியும், உடைக்க வழியில்லை. மனிதனிடம் கோடரியும் நெருப்பும் இருக்கின்றன, இடம் தெரியாது. யாவோ ஆட்கள் காய்ந்த சுள்ளியைப் பச்சை இலையோடு சேர்த்துக் கட்டி, நீண்ட கழியின் நுனியில் வைத்துக் கொளுத்திப் பொந்தின் வாயில் காட்டுவார்கள். தேனீக்கள் ஒன்றையொன்று எச்சரிக்க வெளியிடும் வாசனையைப் புகை மறைத்துவிடுவதால் அவற்றின் ஆவேசம் தணியும். அப்புறம் மரத்தை வெட்டிப் பிளந்து அடையை எடுப்பார்கள்.

இது கட்டுக்கதை என்று நினைத்தவர்களும் உண்டு. ஆனால் 1588இலேயே, இன்றைய மொசாம்பிக்கில் இருக்கும் சோஃபாலாவில், ஜுவாவ் தோஸ் சந்தோஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் தன் தேவாலயத்துக்குள் ஒரு பறவை புகுந்து மெழுகுவத்தியைக் கொத்தித் தின்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அதே பறவை ஆட்களைத் தேனுக்கு அழைத்துப் போகும் என்பதும் அவர் குறிப்பில் இருக்கிறது. அறிவியல்பூர்வமாக இதை உறுதிசெய்தது 1989இல் ஹுசைன் ஐசக்கும் ஹைன்ஸ்-உல்ரிச் ரேயரும் வெளியிட்ட ஆய்வு. வட கென்யாவின் போரன் மக்கள் பறவையில்லாமல் ஒரு கூட்டைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 8.9 மணி நேரம் ஆனது, பறவை கூட வந்தபோது 3.2 மணி நேரம்தான். அப்படிக் கிடைத்த கூடுகளில் 96 சதவீதம், மனிதன் உடைத்துத் திறந்த பிறகே பறவைக்கு எட்டியவை.

பறவை மனிதன் சொல்வதைப் புரிந்துகொண்டுதான் வருகிறதா, இல்லை ஏதோ ஆள் சத்தம் கேட்டால் வருகிறதா? 2016இல் கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் குழுவினர் நியாசாவில் இதைச் சோதித்தார்கள். யாவோக்களின் தேன் அழைப்பு, சும்மா மனிதக் குரல், வேறொரு விலங்கின் ஒலி என்று மூன்றையும் பதிவுசெய்து, ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டே காட்டில் நடந்தார்கள். மற்ற ஒலிகளுக்குப் பறவை வந்து வழிகாட்டிய வாய்ப்பு 33 சதவீதம், தேன் அழைப்புக்கு 66 சதவீதம். தேன்கூடு வரை கொண்டுபோய்விட்ட வாய்ப்போ மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்து 54 சதவீதத்தைத் தொட்டது.

எனக்கு இதைவிட வியப்பாக இருப்பது 2023இல் வந்த அடுத்த ஆய்வு. தான்சானியாவின் ஹட்சா மக்கள் 'ப்ர்ர்ர்-ஹ்ம்' சொல்வதில்லை, இசை போல நீளமாக விசிலடிப்பார்கள். ஸ்பாட்டிஸ்வுட்டும் மானுடவியலாளர் பிரையன் வுட்டும் இரண்டு அழைப்பையும் இரண்டு ஊரிலும் ஒலிக்கவிட்டார்கள். ஹட்சாக்களின் காட்டில் இருக்கும் பறவை யாவோ அழைப்பைவிட ஹட்சா விசிலுக்கு மூன்று மடங்குக்கும் மேல் வந்தது. நியாசாவிலோ யாவோ அழைப்புக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆக, பறவை எந்த ஊரில் வாழ்கிறதோ அந்த ஊர் மனிதர்களின் குரலைக் கற்றுக்கொள்கிறது.

அதுவும் பெற்றோரிடமிருந்து கற்றுக்கொள்ள வழியே இல்லை! குயிலைப் போலத் தேன்வழிகாட்டியும் மற்ற பறவைகளின் கூட்டில்தான் முட்டையிடும், பல சமயம் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பஞ்சுருட்டான்களின் கூட்டில். கண் திறக்காத, இறகு முளைக்காத குஞ்சு, அலகின் நுனியில் கொக்கி போன்ற இரண்டு கூர்முனைகளோடு பிறக்கிறது. வளையின் இருட்டில், கூட இருக்கும் பஞ்சுருட்டான் குஞ்சுகளை அந்தக் கொக்கியால் கடித்துக் குதறிக் கொன்றுவிட்டு, கொண்டுவரும் இரையெல்லாவற்றையும் தானே வாங்கிக்கொண்டு வளர்கிறது. வெளியே பறந்துபோன பிறகுதான் மனிதக் குரலுக்கும் மெழுகுக்கும் உள்ள தொடர்பு அதற்குப் பிடிபட வேண்டும்.

கூலி கொடுப்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. யாவோ ஆட்கள் மெழுகடையைப் பச்சை இலைமேல் வைத்துப் பறவைக்கென்று விட்டுப் போவார்கள். ஹட்சாக்கள் பல சமயம் மிச்ச மெழுகைப் புதைத்தோ எரித்தோ விடுவார்கள், பசியோடு இருந்தால்தான் அடுத்த கூட்டுக்கும் கூட்டிப் போகும் என்பது அவர்கள் கணக்கு.

இன்று பல இடங்களில் இந்த உறவு அறுந்துகொண்டிருக்கிறது. கடையில் சர்க்கரை கிடைக்கிறது, பெட்டியில் தேனீ வளர்க்கிறார்கள், சில தேசியப் பூங்காக்களில் தேன் எடுக்கவே தடை. தேன் எடுப்பவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றிவிட்டுப் பறவையை மட்டும் காப்பாற்றினால் போதும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தேன்வழிகாட்டி இன்று அழியும் நிலையில் இல்லை, பூச்சிகளைத் தின்றும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் குரல் கொடுக்கவும் பின்தொடரவும் ஆளில்லாத காட்டில், வழிகாட்டும் பழக்கத்தை அது யாரிடம் காட்டும்?