ஓங்காளிக்கிற பிள்ளைக்கு நாவூறு கழிக்க வேண்டாம்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "எட்டு மாதப் பிள்ளை. சோற்றை நசித்துத் தீத்தினால் ஓங்காளிக்கிறான். ஒரு வயது வரைக்கும் எல்லாவற்றையும் அரைத்தே கொடு என்கிறா மாமி. அடைத்துக்கொள்ளுமோ?"

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பால் மட்டும் போதாது, கருவில் சேர்த்த இரும்புச்சத்து தீர்ந்துகொண்டு வரும், மீனும் முட்டையும் பருப்பும் வேண்டும். இதெல்லாம் கிளினிக்கில் மிஸ்ஸி சொல்லியிருப்பார். நான் நேரே ஓங்காளத்துக்கு வருகிறேன். உடம்பில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடுகளில் அது ஒன்று.

நமக்கு அடிநாக்கில் விரல் பட்டால்தான் குமட்டும். கைக்குழந்தைக்கோ நாக்கின் நடுப்பகுதியில் பட்டாலே போதும். ஒரு பருக்கை அங்கே பட்டதும் 9ஆம் மண்டை நரம்பு மூளைத்தண்டுக்குச் சேதி கொண்டுபோகிறது. 10ஆம் நரம்பு வழியாகக் கட்டளை திரும்புகிறது. தொண்டைத் தசைகள் சுருங்கி, நாக்கு முன்னே தள்ளி, பருக்கை உதட்டுக்கு வந்துவிடும். மெல்லத் தெரியாத வாய்க்கு, மூச்சுக்குழாய் வாசலுக்கு வெகுமுன்னாலேயே ஒரு காவல்! அந்தக் காவல் ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. கட்டியான சாப்பாடு பட்டுப் பழகப் பழக, மாதக்கணக்கில் மெதுவாகப் பின்னால் நகர்கிறது. அரைத்ததையே தீத்தினால் எப்படிப் பழகும்? கட்டி உணவை 10 மாதத்துக்குப் பிறகே கண்ட பிள்ளைகள் பின்னர் சாப்பாட்டில் கூடுதலாக அடம்பிடித்ததை 2001இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. நம் பிள்ளைகளையும் அப்படி ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்க யாராவது காசு ஒதுக்கினால் நல்லது.

சரி, மாமிக்குப் பதில்: குழைந்த சோறு, முள் பார்த்து எடுத்த மீன், அவித்த வற்றாளங்கிழங்கு. இரு விரலுக்கிடையில் அழுத்தினால் நசிய வேண்டும், அவ்வளவுதான். நிமிர்த்தி இருத்திக் கொடுங்கள். படுக்கவைத்தோ விளையாட்டுக் காட்டி ஓடவிட்டோ வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. ஓங்காளத்தில் சத்தமும் இருமலும் இருக்கும், முகம் சிவக்கும். மூச்சுக்குழாய் அடைபட்டால் சத்தமே இராது; பிள்ளை அழ வாய் திறக்கும், குரல் வராது, உதடு நீலம் பாயும். முழுக் கச்சான், கஜு, திராட்சை, ரம்புட்டான் எல்லாம் வழுக்கிக்கொண்டு காவலைத் தாண்டிவிடும். கச்சானை வழுவழுப்பாக அரைத்துக் கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாம். முழுசாக 5 வயது வரை வேண்டாம்.

அடைபட்டால் முன்கையில் தலை தாழக் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 அடி. வராவிட்டால் மல்லாத்தி நெஞ்சின் நடுவே 5 அழுத்தம். வெளியே வரும்வரை மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாததைத் தேடி வாய்க்குள் விரல் விட்டால் இன்னும் உள்ளே போய்விடும். அதற்குள் பக்கத்தில் நிற்பவர் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கட்டும். உச்சியில் ஊதுவது வீண். செத்தல் மிளகாய் சுற்றி எரிப்பது அதைவிட மோசம், அந்தப் புகைக்கு நல்ல பிள்ளையே இருமும். அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸியிடம் இந்த 5க்கு 5ஐ ஒரு பொம்மையில் செய்து காட்டச் சொல்லுங்கள். மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.