பல்லில் தெரியும் ஊர்த் தண்ணீர்

1901இல், படிப்பை முடித்த கையோடு அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் தொழில் பார்க்க வந்தார் பிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர். அங்கே பிறந்து வளர்ந்த பலருடைய பற்களில் சாக்லேட் நிறக் கறை படிந்திருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை. வளர்ந்த பிறகு வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கோ அது வரவில்லை.

மெக்கே தன்னிடம் வந்த நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அவர் ஊரையே ஆராயத் தொடங்கினார். இன்று சமூகப் பல் மருத்துவம் என்ற பெயரில் கல்லூரிகளில் சொல்லித்தருவதன் உயிர்நாடி இதுதான் என்பேன்: ஒரே குறை ஊரில் பலருக்கும் இருந்தால், அவர்களுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடுவது.

ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி ஊரில் அவருக்கு நல்ல துப்புக் கிடைத்தது. தொலைவில் இருந்த ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வந்தது என்றார்கள் தாய்மார்கள். அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள் என்று 1923இல் மெக்கே சொன்னார். ஊராரும் வேறு ஊற்றுக்கு மாறினார்கள். சில வருடங்களில், புதிதாகப் பல் முளைத்த சின்னப் பிள்ளைகளுக்குக் கறை இல்லை. தண்ணீரில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் ஒரு நோயை நிறுத்திவிட்டார்கள்! என்ன இருந்தது என்பதை 1931இல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில் கண்டுபிடித்தார்: அளவுக்கு மிஞ்சிய ஃபுளோரைடு என்ற தாது உப்பு.

இதில் இன்னொரு புதிரும் உண்டு. கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது.

காரணம் இது. நாம் தின்னும் சர்க்கரையை வாயில் வாழும் பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக் கூட இறங்கும் அமில-காரக் குறியீடு (pH) சுமார் 5.5க்குக் கீழே போனால், பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். கொஞ்ச நேரத்தில் உமிழ்நீர் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். கரைவது சேர்வதை மிஞ்சினால் சொத்தை. வாயில் சிறிதளவு ஃபுளோரைடு இருந்தால் சேர்வது வேகமாகும், புதிதாகச் சேரும் பகுதியும் அமிலத்துக்கு எளிதில் கரையாது. அதே ஃபுளோரைடு, ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் உடம்புக்குள் அதிகமாகப் போனால் எனாமல் சரியாக உருவாகாது. கறை வருவது அதனால்தான். சிறுபிள்ளைகளுக்கு ஃபுளோரைடு பற்பசையை அரிசி அளவும், மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவும் வைக்கச் சொல்வதும் இதனால்தான். அவர்கள் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

அப்படியானால் எவ்வளவு சரி? லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் என்று அமெரிக்க அரசின் ஆய்வாளர் டிரெண்ட்லி டீன் கணக்கிட்டார். 1945 ஜனவரியில் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் குடிநீரில் அந்த அளவுக்குக் கலந்தது. அதன்பின் பிறந்த பிள்ளைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஏழைப் பிள்ளை, பணக்காரப் பிள்ளை எல்லோருக்கும் ஒரே குழாய் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். ஃபுளோரைடு பற்பசை பரவிவிட்ட இந்தக் காலத்தில் அந்தப் பலன் முன்பைவிடக் குறைவு. அமெரிக்காவிலேயே 2015இல் அளவை 0.7 ஆக்கினார்கள்.

சரி, நம் ஊரிலும் கலக்கலாமா? பல இடங்களில் அது பெரும் தவறாகிவிடும். இங்கே நிலத்தடிப் பாறையிலிருந்தே ஃபுளோரைடு கரைந்து வருகிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இதனால் எலும்புகளே இறுகிப்போனவர்களைப் பற்றி 1937இலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பழுப்புப் பல்லை நாமே பார்த்திருக்கிறோம். சரியாகத் துலக்குவதில்லை என்று அவர்களைக் கேலி செய்வது எவ்வளவு அநியாயம்!

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்த இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோவது இதற்காகத்தான். 2013இல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அதன்பின் பிறந்தவர்களில் மூத்த பிள்ளைகளுக்கு இப்போது பால்பல் விழுந்து நிலைத்த முன்பற்கள் முளைத்திருக்கும். ஓக்லியில் செய்தது போலவே, ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பற்களை அண்ணன், அக்காவின் பற்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கறை இருந்தால், அந்த வீட்டில் இன்னும் போர்வெல் தண்ணீரைத்தான் குடிக்கிறார்களா என்று முதலில் கேட்க வேண்டும்.