ஒரு பிக்சலுக்குள் ஒரு மரம்

இலை நம் கண்ணுக்குப் பச்சை. செயற்கைக்கோளுக்கோ அது இன்னொன்றாகவும் தெரிகிறது. பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும்; நாம் காண முடியாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களை இலையின் உட்செல்கள் சிதறடித்து, ஏறக்குறைய பாதியைத் திருப்பி அனுப்பும். கான்கிரீட்டும் தாரும் இப்படிச் செய்வதில்லை. நகரத்துக்குள் மரத்தைத் தேட இந்த வித்தியாசம்தான் முதல் பிடி.

அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது, பசுமையின் அளவைச் சொல்லும் என்டிவிஐ (NDVI) என்ற எண். செழித்த இலைத்திரள் சிவப்பில் 5, அகச்சிவப்பில் 45 சதவீதத்தைத் திருப்பினால் விடை 0.8. சிமென்ட் தரை 25, 30 என்று திருப்பினால் வெறும் 0.09.

சிக்கல் அளவில் இருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுக்கும் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஆகச் சிறிய கட்டம், தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். 6 மீட்டர் அகலத்துக்குக் கிளை விரித்த சாலையோர மரம் அதில் 28 சதுர மீட்டரைத்தான் மூடும், மிச்சமெல்லாம் சிமென்ட். இரண்டும் கலந்து 0.28 ஆகிவிடும். காய்ந்த புல்தரையும் இதையொட்டிய எண்ணைத் தரக்கூடும். அதுவும் மரம் ஒரே பிக்சலுக்குள் அடங்கினால்தான். நாலு பிக்சல் கூடும் மூலையில் நின்றால் சுத்தமாகக் கரைந்துபோகும்.

புல்லையும் மரத்தையும் பிரிக்க உயரம் தெரிய வேண்டும். விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பும் லிடார், உச்சி இலையில் பட்டுத் திரும்பிய நேரத்தையும் தரையில் பட்டுத் திரும்பிய நேரத்தையும் ஒப்பிட்டு உயரத்தைச் சொல்லிவிடும். அந்த வசதி இல்லாவிட்டால், ஒரு பிக்சல் 30 செ.மீ. மட்டுமே உள்ள தெளிவான படங்களில் மரத்தலையின் வட்டத்தையும் அதன் நிழலையும் அடையாளம் காணக் கணினியைப் பழக்குகிறார்கள். கட்டட நிழலுக்குள் நிற்கும் மரங்கள் அப்போதும் தப்பிவிடுகின்றன. தெருவில் இறங்கி எண்ணிச் சரிபார்க்காத எந்த மர வரைபடத்தையும் நான் நம்ப மாட்டேன்.

மரத்தின் நலத்தையும் மேலிருந்து கவனிக்கலாம். ஒளியின் அலைநீளம் 700 நானோமீட்டரை ஒட்டி, சிவப்பு முடிந்து அகச்சிவப்பு தொடங்கும் இடத்தில், இலையின் பிரதிபலிப்பு செங்குத்தாக ஏறும். பச்சையம் குறைந்தால் அந்த ஏற்றம் சிவப்புப் பக்கம் நகரும். கண்ணுக்கு மஞ்சள் தட்டுவதற்கு முன்பே பல நேரம் இது தெரிந்துவிடும். ஆனால் சென்டினல்-2 அந்த அலைநீளத்தை 20 மீட்டர் பிக்சலில்தான் பார்க்கிறது. தோப்புக்குச் சரி, தனிமரத்துக்குப் போதாது.

வெட்டிய மரத்துக்கு ஈடாகப் பத்துக் கன்று நடுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு வந்துவிடும். 12 மீட்டர் அகலப் பெருமரம் மூடியிருந்தது 113 சதுர மீட்டர். ஒரு மீட்டர் அகலக் கன்றுகள் பத்தும் சேர்ந்து 8. சென்டினலின் படத்தில் அந்த இடம் இன்னும் பல ஆண்டுகளுக்கு வெறுந்தரைதான்.