கிரே பெல்ட்: சாம்பல் வளையம்

இங்கிலாந்தின் வீட்டுவசதி குறித்த செய்திகளில் 2024 முதல் அடிக்கடி அடிபடும் சொல் ‘கிரே பெல்ட்’. நகரங்களைச் சுற்றி வீடு கட்டத் தடை விதிக்கப்பட்ட நிலத்துக்குள்ளேயே, ஏற்கெனவே கட்டடம் எழுந்த இடங்களிலும் பிற இடங்களிலும், அந்தத் தடையின் முக்கிய நோக்கங்களுக்கு வலுவாகத் துணைநிற்காதவற்றை இது குறிக்கும்.

இதன் தாய்ச்சொல், அந்தத் தடை நிலத்தின் பெயரான ‘கிரீன் பெல்ட்’. லண்டன் கட்டுப்பாடின்றிப் பரவுவதைத் தடுக்க 1938இல் தனிச் சட்டம் வந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தில் எதைக் கட்டவும் உள்ளாட்சியின் அனுமதி தேவை என்றாக்கியது; 1955இல் வெளியான அரசுச் சுற்றறிக்கை கிரீன் பெல்ட் ஏற்பாட்டை மற்ற நகரங்களுக்கும் விரித்தது. இன்று இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இதற்குள் அடங்கும். அழகான நிலம் என்பதற்காக எந்த இடமும் இதில் சேர்க்கப்படவில்லை. ஊரோடு ஊர் ஒட்டிவிடக் கூடாது என்பதே அடிப்படை. அதனால்தான் வட லண்டனின் டோட்டன்ஹாமில் ஒரு பழைய பெட்ரோல் நிலையம்கூடப் ‘பசுமை’ நிலமாகவே கணக்கில் இருந்தது.

ஐந்தாண்டுகளில் 15 லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு வந்த தொழிற்கட்சி அரசு, 2024 டிசம்பரில் திருத்திய தேசியத் திட்டமிடல் கொள்கையில் ‘கிரே பெல்ட்’டுக்கு முறையான வரையறை தந்தது. முந்தைய ஆண்டில் வெறும் வழிகாட்டுதலாகத் தளர்த்தப்பட்டிருந்த, ஒவ்வொரு உள்ளாட்சிக்குமான வீட்டு இலக்குகளும் அப்போதே மீண்டும் கட்டாயமாயின. அவற்றின் கூட்டுத்தொகை ஆண்டுக்குச் சுமார் 3,70,000 வீடுகள். 2023-24இல் நிகரமாகக் கூடியவையோ ஏறக்குறைய 2,21,000 வீடுகள்தாம்.

‘பெல்ட்’ என்பது வாளைத் தொங்கவிடும் வாரைக் குறித்த ‘பல்தியுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் ‘பட்டை’ என்று பெயர்ப்போர் உண்டு. ஆனால் ‘பசுமைப் பட்டை’ என்றால் தொழிற்சாலையைச் சுற்றி வளர்க்கும் மரவரிசை என்றே பலரும் கொள்வர். நகரைச் சூழ்ந்த நிலம் என்பதால் ‘பசுமை வளையம்’, ‘சாம்பல் வளையம்’ என்ற இணையே தெளிவானது. ‘சாம்பல் நிலம்’ என்று சுருக்கினால் சாம்பல் கொட்டிய மண் என்ற பொருள் வந்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

வரையறையில் உயிர்நாடியான சொல் ‘வலுவாக’ என்பதே. கைவிடப்பட்ட வண்டி நிறுத்துமிடத்தில் ஐயம் எழாது. இரண்டு ஊர்களுக்கு நடுவே கிடக்கும் மேய்ச்சல் வயல் அவற்றைப் பிரித்துவைக்க வலுவாக உதவுகிறதா, ஓரளவே உதவுகிறதா என்பதில்தான் உள்ளாட்சியும் கட்டுநரும் மோதுகிறார்கள். அந்த வயல் சாம்பல் வளையம் என்று முடிவானால், பெரிய வீட்டுத்திட்டங்களுக்குக் கூடுதல் கடமைகள் உண்டு: கட்டுப்படியாகும் விலை வீடுகளின் பங்கு உள்ளூர் விதியைவிட 15 சதவீதப் புள்ளிகள் கூட வேண்டும், உச்சவரம்பு 50 சதவீதம்.

இந்தச் சொல்லை ‘வீடு கட்டும் நிலம்’ என்று பெயர்த்துவிடுவது தவறு. இது அனுமதிக்கான ஒரு தடையை மட்டுமே தளர்த்துகிறது. கொத்தனார், தச்சர் பற்றாக்குறையையோ, ஆற்றுநீர் மாசு விதிகளால் சில பகுதிகளில் நின்றுபோன திட்டங்களையோ, விலை சரியாதிருக்க மெல்ல மெல்லக் கட்டி விற்கும் பெருநிறுவன வழக்கத்தையோ இந்தச் சொல் தொடுவதில்லை.