ஒரே ஆட்டத்தை வைத்து கேரக்டரை எடை போடாதீர்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்திலிருந்து கேம் டெஸ்டிங் பழக என்னிடம் வரும் பிள்ளைகள் அனுப்பும் பக் ரிப்போர்ட்டுகளில் (கேமில் உள்ள பிழைகளைச் சொல்லும் அறிக்கைகளில்) ஒரு கேரக்டரைப் பற்றி அடிக்கடி வருவது இது: "அண்ணா, இவனுக்கு லெவல் ஏறுது, ஸ்ட்ரெங்த் மட்டும் ஏறவே மாட்டேங்குது. கண்டிப்பா பக்தான்." எத்தனை தடவை பார்த்தாய் என்று கேட்டால், ஒரே ஆட்டம் என்பார்கள்.

ஃபயர் எம்ப்ளம் வரிசையையே எடுத்துக்கொள்வோம். 1990இல் ஜப்பானில் தொடங்கிய வியூக கேம் அது. பொதுவாக 100 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) சேர்ந்தால் ஒரு லெவல் ஏறும். அப்போது ஸ்ட்ரெங்த், ஸ்பீடு, டிஃபென்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு குலுக்கல் நடக்கும். விழுந்தால் ஒரு புள்ளி கூடும், விழாவிட்டால் பழையபடியே. ஸ்ட்ரெங்த்துக்கு க்ரோத் ரேட், அதாவது ஒரு குலுக்கலில் புள்ளி விழும் வாய்ப்பு, 45 சதவீதம் என்று வையுங்கள். லெவல் 1இலிருந்து 20 வரை 19 குலுக்கல். சராசரியாக எட்டரைப் புள்ளி வரவேண்டும். ஆனால் ஏறக்குறைய ஆறில் ஓர் ஆட்டத்தில் அது 6ஐத் தாண்டாது. கிட்டத்தட்ட அதே அளவு ஆட்டங்களில் 11 அல்லது அதற்கு மேலும் போகும். ஆக ஒரே கேரக்டரை ஒருவர் புலி என்பார், இன்னொருவர் தண்டம் என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த ஒரு நாளை வைத்து நீலகிரியின் மழையைக் கணக்குப் போட்டால் எப்படி இருக்கும்?

டிசைன் தாளில் 45 என்று இருக்கிறது, கோடில் யாரோ 50 என்று போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். இதைக் கையால் விளையாடிக் கண்டுபிடிக்க முடியாது. 3 சதவீதம் முன்னே பின்னே சொல்வதற்கே சுமார் 1,000 லெவல் ஏற்றம் பதிவாக வேண்டும். 1 சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் ஏறத்தாழ 10,000. டெவலப்பரிடம் டீபக் கமாண்ட் (சோதனைக்கென்று லெவலை உடனே ஏற்றும் கட்டளை) கேளுங்கள், அதைத் தானாகத் திரும்பத் திரும்பச் செய்யும் ஸ்கிரிப்ட் ஓடட்டும். (மழைக்காலத்தில் நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. முடிவுகள் பதிவாகும் லாக் ஃபைல் உடனுக்குடன் சேவ் ஆகிறதா என்று முதலில் பாருங்கள்.)

எண்ணிக்கை இருந்தாலும் கணக்கு கெட்டுப்போக வழிகள் உண்டு. ஸ்டாட் (ஸ்ட்ரெங்த், ஸ்பீடு போன்ற எண்) உச்ச வரம்பைத் தொட்ட பிறகு எத்தனை லெவல் ஏறினாலும் புள்ளி கூடாது. அந்த லெவல்களைச் சேர்த்து எண்ணினால் ரேட் குறைந்ததுபோல் காட்டும். கேரக்டரின் கிளாஸ் (படைப்பிரிவு) மாறும்போது கிடைக்கும் போனஸ் புள்ளிகள் இதற்கு நேர்மாறு, ரேட் கூடியதுபோல் காட்டும். சில கேம்களில் ஒரு புள்ளிகூட விழாத லெவல் வந்தால், ஆடுபவர் மனம் நோகக்கூடாது என்று உள்ளுக்குள் மறுபடி குலுக்குவார்கள். அதனால் தாளில் உள்ளதைவிடச் சற்று அதிகமாகவே வரும், அது பக் இல்லை.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது ரீலோடு. சேவ் செய்துவிட்டு, லெவல் ஏற்றி, பிடிக்காவிட்டால் திரும்ப லோடு செய்வது. 2012இல் வந்த எக்ஸ்காம் கேமில் குலுக்கலின் சீடும் (அடுத்தடுத்த முடிவுகளைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) சேவ் ஃபைலுக்குள்ளேயே போய்விடும். திரும்ப லோடு செய்து அதே காரியத்தைச் செய்தால் அதே முடிவுதான். அப்படிப்பட்ட கேமில் ஐம்பது தடவை ரீலோடு செய்து "ஐம்பது தடவையும் ஏறவில்லை" என்று எழுதினால், அது ஒரே ஒரு சோதனை.

செய்யச் செய்யத் திறமை ஏறும் முறைக்குச் சோதனையே வேறு. 1988இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 2இல் (அது வியூக கேம் இல்லை, ஆனாலும் நல்ல பாடம்) உயிர்ப்புள்ளி இழந்தால்தான் அது வளரும். ஆட்கள் என்ன செய்தார்கள்? எதிரியை விட்டுவிட்டுத் தங்கள் ஆட்களையே அடித்து வளர்த்தார்கள். இங்கே சராசரி பார்த்துப் பயனில்லை. எந்தக் குறுக்குவழியில் பிள்ளைகள் போவார்கள் என்று தேட வேண்டும். எனக்குப் பிடித்த வேலை இதுதான்.

விளையாட மட்டும் செய்பவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒன்று. காசு கொடுத்து வாங்கும் எக்ஸ்பி பூஸ்ட் பொதுவாக லெவலைச் சீக்கிரம் ஏற்றும், அவ்வளவுதான். குலுக்கல் முறை கேமில் 19 குலுக்கல் 19ஆகவேதான் இருக்கும், க்ரோத் ரேட்டும் மாறாது. வாங்குவதற்கு முன் விவரத்தில் க்ரோத் கூடும் என்று எழுதியிருக்கிறதா, வேகம் கூடும் என்று மட்டும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.