ஆடு என்றால் எந்த ஆடு?

கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு பட்டி மேய்ந்துகொண்டிருந்தால், "ஆடு மேயுது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். கிட்டே போய்ப் பார்த்தால் பாதி செம்மறி, பாதி வெள்ளாடு. தமிழுக்கு இரண்டும் ஆடுதான். உயிரியலுக்கு அப்படியில்லை. வெள்ளாட்டின் செல்லில் 60 குரோமோசோம்கள், செம்மறியின் செல்லில் 54. ஒரே பட்டியில் படுத்து எழுந்து, எப்போதாவது ஒன்றோடொன்று சேர்ந்தாலும், கரு பெரும்பாலும் வயிற்றிலேயே அழிந்துவிடும்.

கட்டுத்தறிக்கு வந்தால் கதை தலைகீழ். திமில் உயர்ந்த காங்கேயம் மாட்டையும் திமிலில்லாத சீமை மாட்டையும் இரண்டு சிற்றினங்கள் என்று 1758-இல் தனித்தனிப் பெயர் வைத்துப் பிரித்தார் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ். அந்தப் பிரிவு வெறும் தோற்றத்தைப் பார்த்துச் சொன்னதுமல்ல. இவற்றின் காட்டு மூதாதைகள் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து போனவை. ஒன்று மேற்காசியாவில் பழக்கப்பட்டது, மற்றொன்று சிந்துவெளிப் பக்கம். ஆனால் நாட்டு மாட்டுக்கு ஜெர்சி ஊசி போட்டால் கன்று பிறக்கிறது, அந்தக் கன்றும் வளர்ந்து கன்று போடுகிறது. பால் சொசைட்டிக்கு வரும் பாலில் பெரும்பங்கு இந்தக் கலப்பு மாடுகளின் பால்தான். லின்னேயஸ் பிரித்தது தப்பா, அல்லது சிற்றினம் என்பதற்கு நாம் வைத்திருக்கும் பொருள் தப்பா?

நம் பாடப்புத்தகங்கள் சொல்லும் பொருள் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் 1942-இல் அழுத்தமாக முன்வைத்தது. தங்களுக்குள் இணைந்து வளமான வாரிசுகளைப் பெறும் கூட்டம் ஒரு சிற்றினம். குதிரையும் கழுதையும் சேர்ந்தால் கோவேறு கழுதை பிறக்கிறது. அதற்கு வாரிசு இல்லை, ஆகவே அவை வேறு வேறு. இந்தக் கணக்குப்படி நாட்டு மாடும் ஜெர்சியும் ஒன்று. எருமை வேறு, நாம் 'எருமை மாடு' என்று சொன்னாலும் சரி. எருமைக்கும் மாட்டுக்கும் கன்று பிறக்காது.

நல்ல சோதனைதான். ஆனால் சத்தியமங்கலத்துக்கோ கோபிக்கோ போய் ஒரு வாழைத்தோப்பில் நின்றுகொண்டு இதைச் சொல்லிப் பாருங்கள். பூவனும் மொந்தனும் நேந்திரனும் இரண்டு காட்டு வாழைச் சிற்றினங்கள் கலந்து பிறந்தவை. விதை கிடையாது. பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டால் அது தாயின் நகல். இணையவே இணையாத ஒன்றிடம் "நீ யாரோடு இணைவாய்?" என்று கேட்டு என்ன பயன்? பாக்டீரியாக்கள் இன்னும் மோசம். இனப்பெருக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், தூரத்துச் சொந்தக்காரர்களோடுகூட மரபணுவைக் கைமாற்றிக்கொள்கின்றன.

பொள்ளாச்சிப் பக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கலை வாசலிலேயே காட்டலாம். ஆடி மாதத்தில் ஆளைத் தள்ளுகிற காற்று வருகிறதே, அந்தப் பாலக்காட்டுக் கணவாய்தான். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத தாழ்வு. மலை உச்சியின் சோலைக்காடுகளில் தரையோரமாகத் திரியும் நீலநிறச் சிறு பறவை ஒன்று உண்டு, சோலைக்கிளி என்று பெயர். கிளியல்ல. மலையாளத்தில் எந்தப் பறவையும் கிளிதான். குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத இந்தப் பறவைக்கு, கணவாயின் வெயில் ஒரு கடலுக்குச் சமம். இரு பக்கத்துப் பறவைகளும் லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சந்திக்கவில்லை. நீலகிரிப் பறவையின் வயிற்றோரம் செம்பழுப்பு, ஆனைமலைப் பறவையின் வயிறு வெள்ளை. ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே சிற்றினம் என்றார்கள், இப்போது இரண்டு என்கிறார்கள். 2017-இல் மேற்குத்தொடர்ச்சி மலையின் இந்தப் பறவைகளுக்கென்றே ஒரு புதிய பேரினத்தையும், அதாவது சிற்றினத்துக்கு மேல்படிப் பிரிவையும், உருவாக்கினார்கள். சந்தித்தால் இணையுமா என்று யாரும் சோதிக்க முடியாது. மரபணுவையும் இறகையும் பாட்டையும் வைத்து ஆட்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படியானால் சிற்றினம் என்பது நாம் வைத்த வெறும் பெயரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய தத்துவம் ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஓர் அச்சு இருப்பதாக நினைத்தது. கடவுள் செய்த அச்சு, அதில் வார்த்த உயிர்கள், மாடென்றால் மாட்டுத்தன்மை. டார்வின் அந்த அச்சை உடைத்தார். உடைந்த இடத்தில் எதை வைப்பது என்பதற்கு 1974-இல் உயிரியலாளர் மைக்கேல் கிசெலின் ஒரு பதில் சொன்னார்: சிற்றினம் ஒரு வகையல்ல, பிறந்து, கிளைத்து, ஒருநாள் அழிகிற ஒற்றைப் பொருள். ஒவ்வொரு உயிரும் அதன் ஓர் உறுப்பு. படித்தால் தலை சுற்றும். கொங்குக்காரர்களுக்குச் சுற்றக் கூடாது, ஏனென்றால் நம்மிடம் கூட்டம் என்கிற குலப்பிரிவு இருக்கிறது. ஆந்தை கூட்டத்துக்காரருக்கு ஆந்தைக் கண் இருக்க வேண்டியதில்லை. காடை கூட்டத்தார் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குணத்தைத் தேடினால் கிடைக்காது. பிறப்பின் தொடர்ச்சிதான் அவர்களைப் பங்காளிகள் ஆக்குகிறது. அச்சு அசலாக அவரைப் போலவே இருக்கிற ஒருவர் வேறெங்கோ பிறந்திருந்தால் அவர் பங்காளி ஆகமாட்டார். வேறொரு கிரகத்தில் திமிலும் கொம்புமாகக் காங்கேயம் காளையைப் போலவே ஒரு மிருகம் கிடைத்தாலும் அது மாடாகாது. நம் மாட்டின் வம்சத்தில் வராதது எப்படி மாடாகும்?

உவமைக்கு ஒரு எல்லை உண்டு. கூட்டத்துக்குள் பெண் கொடுப்பதில்லை, சிற்றினத்துக்குள்தான் கொள்வதும் கொடுப்பதும். இன்னொன்று, 'இனம்' என்ற ஒரே சொல்லை மாட்டுக்கும் சாதிக்கும் மொழிக்கும் போட்டுக் குழப்பிக்கொள்கிற பழக்கம் நமக்கு உண்டு. எந்த இரண்டு மனிதர்களின் டி.என்.ஏ.வும் சுமார் 99.9 சதவீதம் ஒன்றுதான். உயிரியல் சிற்றினத்தில் காணும் வேலி எதுவும் மனிதர்களுக்கிடையே இல்லை.

நமக்கு வெளியிலும் வேலி அவ்வளவு கெட்டியில்லை. அழிந்துபோன நியாண்டர்தால் மனிதரின் மரபணுத் தொகுதி 2010-இல் வெளியானபோது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்பவர்களின் டி.என்.ஏ.வில் 1 முதல் 4 சதவீதம் வரை அவர்களுடையது என்று தெரிந்தது. இங்கேதான் அறம் உள்ளே வருகிறது. "மனிதனைக் கொல்லலாகாது, ஆட்டைக் கொல்லலாம்" என்பதற்குக் காரணம் கேட்டால் "அது ஆடு, இவன் மனிதன்" என்போம். சிற்றினம் என்பது பங்காளிமுறை மாதிரி ஒரு வம்சக் கணக்கு என்றால், அது காரணமாகுமா? வம்சத்தை மட்டும் வைத்துப் பாரபட்சம் காட்டுவதைச் சிற்றினவாதம் என்று பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் ரைடர் 1970-இல் பெயரிட்டார். கோடு மங்கல் என்பதால் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கரூர் தாண்டிக் கிழக்கே போகப் போக, பேச்சில் 'ங்க' எந்த ஊரில் குறைகிறது என்று கோடு கிழிக்க முடியாது. அதற்காகக் கோயம்புத்தூர்ப் பேச்சும் தஞ்சாவூர்ப் பேச்சும் ஒன்றாகிவிடுமா?

வம்சத்தை விட்டுவிட்டு வேறு எதை அளப்பது? விசயமங்கலத்தில் கோயில் எழுப்பிய சமணர்கள் உயிர்களைப் புலன்களை எண்ணிப் பிரித்தார்கள். மரத்துக்கு ஒன்று, ஆட்டுக்கு ஐந்து. புலன் கூடக் கூட, அதைக் கொல்வதன் பாவமும் கூடும். தொல்காப்பியமும் அறிவை எண்ணித்தான் பிரிக்கிறது. மக்களுக்கு ஆறறிவு என்று சொன்ன கையோடு "பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே" என்று ஒரு கதவைத் திறந்தும் வைக்கிறது. யாருக்குப் பிறந்தது என்பதை விட்டு, எதை உணர்கிறது என்று கேட்கிற இந்தக் கணக்கு அறத்துக்கு இன்னும் பக்கத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

எங்கள் கருப்பராயன் கோயிலில் கிடா வெட்டுவதற்கு முன் அதன் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்துக் குலுக்கினால்தான் உத்தரவு. நனைந்த மயிர்க்கால்களைச் சுற்றியுள்ள தொடு நரம்புகள்தான் இந்தக் குலுக்கலைக் கிளப்புகின்றன என்று 2024-இல் எலிகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அது எனக்குத் தெரியாத வயதில் ஒரு தடவை, கிடா வெகுநேரம் அசையாமல் நின்றது. கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, "அப்பாரு, குலுக்கவே இல்லீன்னா?" என்று தாத்தாவிடம் கேட்டேன்.

"உட்டுத்தான கண்ணு ஆகோணும்" என்றார்.

அப்புறம் ஒரு கை தண்ணீர் எடுத்து, மறுபடியும் தெளித்தார்கள்.